கருப்பியின் கண்ணைக் கட்டிய துண்டு

யாராவது துண்டை உதறித் தோளில் போட்டால் இந்த வயதிலும் எனக்கு உடல் கூசுகிறது. கருப்பியின் கண்ணை நான் கட்டியது அப்படி ஒரு துண்டால்தான். சிவப்புக் கரை போட்டது. சித்தப்பா எனக்கு வாங்கித் தந்தது.

கருப்பி, கன்னி சாதி வேட்டை நாய். கோவில்பட்டிப் பக்கம் காளை வாங்கப் போன சித்தப்பா, தங்கிய வீட்டில் கொடுத்த குட்டியை மடியில் வைத்துச் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுவந்தார். அந்தச் சீமையில் கல்யாணப் பெண்ணோடு சீராக அனுப்புகிற நாயாம். கொடுப்பார்களே தவிர விற்கமாட்டார்கள். கறுத்த உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு செம்பொட்டு, நீண்ட முகம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு. குரைப்பது அபூர்வம். மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் நம்பும். கடலைக் காட்டில் முயல் எழுந்ததை நாங்கள் பார்ப்பதற்குள் அது பாதித் தூரம் போயிருக்கும். பிடித்ததைச் சித்தப்பாவின் காலடியில் வைக்கும். அவரைத் தவிர என் கையில் மட்டுமே சோறு வாங்கித் தின்றது.

திருச்செங்கோட்டுப் பண்ணையார் ஒருவர் ஆள் அனுப்பி விலைக்குக் கேட்டார். “ஏனுங்க, கட்டிக் குடுத்த புள்ளைய யாராச்சும் விப்பாங்களா?” என்று சித்தப்பா சிரித்தே அனுப்பிவிட்டார். அந்த ஆள் வழியில் என்னைப் பிடித்தான். நாயைக் கொண்டுவந்தால் பண்ணையார் சொல்லி எனக்குக் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்றான். அப்பா இல்லாத என்னைப் படிக்கவைத்தவர் சித்தப்பா. அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை என்று சொல்லிக்கொண்டுதான் நான் சம்மதித்தேன்.

அவர் ஓமலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று கருப்பியை வண்டியில் ஏற்றினேன். வழியைப் பார்த்துவைத்துத் திரும்பிவிடக் கூடாதென்று கண்ணைக் கட்டினேன். என் கை என்பதால் தலையைத் தானே நீட்டிக் கொடுத்தது.

ஓடிப்போய்விட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் மலையடிவாரமெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அலைந்தார். நானும் கூடப் போய்க் கூப்பிட்டேன்.

சில நாளில் கருப்பி வந்துவிட்டது. கழுத்தில் அறுந்த கயிறு, பாதமெல்லாம் ரத்தம். கண்ணை நம்பும் சாதிக்கு மூக்கும் உண்டு என்பதை மறந்திருந்தேன். சித்தப்பா அதன் காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். முகம் துடைக்கத் தோளிலிருந்து துண்டை எடுத்தேன். கருப்பி சுவரோடு ஒண்டிக்கொண்டு நடுங்கியது.

“ஏஞ்சாமி, உன்ற துண்டப் பாத்து இது எதுக்கு இப்பிடி நடுங்குது?”

நான் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவர் என்னையும் துண்டையும் பார்த்தார். பிறகு குனிந்து மஞ்சள் பூசினார்.

பண்ணையார் அதற்குள் சொல்லிவிட்டிருந்ததால் வேலை கிடைத்தது. அதிலேயே ஓய்வும் பெற்றேன். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா எழுந்து நின்றார். “வாங்க, உக்காருங்க” என்றார். சாகும்வரை என்னை மறுபடி சாமி என்று அவர் கூப்பிடவில்லை.

நேற்றுப் பேரன் புதுத் துண்டு ஒன்றை என் தோளில் போட்டான். எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். முகம் துடைக்க எனக்கு வேட்டி நுனி போதும்.