ஒல்லாந்து இளவரசி பிறந்த அறை

டியூலிப் பூவுக்கு மணமில்லை என்பதை, பள்ளிச் சுற்றுலாவில் ஒட்டாவாவுக்குப் போன அன்று, மழை ஈரத்தில் குனிந்து மூக்கை நுழைத்துப் பார்த்துத்தான் அறிந்தேன். பச்சைத் தண்ணீர் வாடைதான் அடித்தது. ஆனால் ஆசிரியை சொன்ன கதை நன்றாக இருந்தது: இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஒல்லாந்து அரச குடும்பம் கனடாவுக்குத் தப்பி வந்ததாம், முடிக்குரிய இளவரசிக்கு இங்கே பிரசவமாம், பிறக்கும் பிள்ளை ஒல்லாந்துப் பிரசையாக மட்டுமே இருக்கவேண்டும் என்பதற்காக ஆஸ்பத்திரி அறையையே கனடாவுக்குப் புறம்பான இடமாக அறிவித்தார்களாம், அந்த நன்றிக்குத்தான் ஆண்டுதோறும் பூக்கிழங்குகள் வருகின்றனவாம். வகுப்பில் பாதிப்பேருக்கு இது ஏற்கெனவே மனப்பாடம்.

மொன்ட்ரியால் நகரின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரான அப்பா, "ஒல்லாந்தரோ? அந்தக் காலத்தில ஊரைப் பிடிச்சு, எங்கட கோயில்களைப் பறிச்சு, குருமாரைக் கலைச்சவங்கள்" என்று சீறினார். அம்மாவின் தங்கையான சின்னம்மா மட்டும் கதையை இன்னொருதரம் சொல்லச் சொன்னார். கணவரைக் கொழும்பில் விட்டுவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு வந்தவர் அவர். மகன் இங்கே பிறந்தான், கனேடியப் பிரசை. சின்னம்மாவின் அகதி விண்ணப்பமோ "கேஸ் ரிஜெக்ட்". நாட்டைவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் டவுன்டவுனில் குடிவரவு அலுவலகத்துக்கு அவரோடு போனேன். பிரெஞ்சு தெரிந்த நான்தான் எங்கள் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். அதிகாரிக்கு முன்னால் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேள் பிள்ளை. அந்த ராணியின்ர பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளையாகக் கூடாதெண்டு ஒரு அறையையே நாட்டுக்கு வெளியில வைச்சவையல்லோ? என்ர பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை. அவன்ர தாயை இஞ்ச வைச்சிருக்க ஒரு வழி செய்யேலாதோ?"

நான் சொன்னேன். அந்த மனிதர் சிரித்தார், அதுவும் மனம் குளிர்ந்து. சின்ன வயதில் அவரும் அந்தப் பூக்களைப் பார்க்கப் போனவராம். இங்கே பிள்ளை பெற்றபோது அந்தத் தாய் ராணி அல்ல, இளவரசிதான் என்று என்னைத் திருத்தினார். அவருடைய மூத்த பெண்பிள்ளைகளின் பெயர்களைக்கூட வரிசையாகச் சொன்னார். பிறகு, உங்கள் நாட்டில் இப்போது சமாதானம்தானே, போகவேண்டியதுதான் என்றார். பிள்ளையைக் கொண்டுபோவதும் விட்டுப்போவதும் தாயின் விருப்பமாம். அந்த வாக்கியத்தையும் நான்தான் சின்னம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. ஊருக்கே தெரிந்த ஒரு அரச குடும்பத்தின் கதையை அவ்வளவு அன்போடு நினைவு வைத்திருந்த அந்த மனிதர், எதிரே இருந்த தாயின் பெயரை, கோப்பைப் பார்த்தும், கடைசிவரை பிழையாகவே சொன்னார்.

"இவனாவது நல்லா இருக்கட்டும்" என்று அம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சின்னம்மா போனார். கொஞ்சக் காலத்தில் அந்தச் சமாதானமும் போயிற்று.

நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்த அந்த வீடு இப்போது இல்லை, கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி அறையில் பிறந்த இளவரசி, தான் பிறந்த ஊர் என்று அவ்வப்போது கனடாவுக்கு வந்து போகிறார், தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். என் தம்பியாக வளர்ந்தவன் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியபோது, அதைப் பார்க்கச் சின்னம்மா சுற்றுலா விசா கேட்டார். மறுத்துவிட்டார்கள். வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று சந்தேகமாம்.

அவர்கள் சந்தேகப்பட்டது சரிதான். நான் போக விட்டிருக்கமாட்டேன்.