வாய் நிறையத் தண்ணீர்

இஸ்திரித் தொழிலில் கைதேர்ந்த உஸ்தா பயூமி தகரக் குவளையைச் சாய்த்து ஒரு வாய் தண்ணீரை அடக்கிக்கொண்டால், கடை முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கன்னம் இரண்டும் உப்ப, கண்ணைப் பாதி மூடி, பலகைமேல் கிடக்கும் சட்டையின் முதுகை ஒரு தரம் தடவிப் பார்ப்பார். பிறகு 'ப்ஸ்ஸ்' என்று ஓர் ஊதல். துளியாகச் சொட்டாது, பனியாக இறங்கும். இஸ்திரிப் பெட்டி ஒரே இழுப்பில் தோளிலிருந்து ஓரம்வரை போய்த் திரும்பும். ஆவி அடங்கிய பிறகுதான் வாய் திறப்பார்.

“முதுகு நல்லாத் தேச்சிருக்கான். காலர்ல விட்டுட்டான்.”

அவரிடம் கேட்ட சினிமா நடுவில் நன்றாகப் போகிறது, முடிவில் சொதப்பல் என்று அர்த்தம். கெய்ரோவின் ஷுப்ராவில் எங்கள் தெருவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'மொடமொடன்னு இருக்கு' என்றால் குடும்பத்தோடு போகலாம். 'கருகிருச்சு' என்றால் அந்தக் காசுக்கு வீட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கலாம். பெருநாளுக்கு நான்கு படம் வந்தால் எதற்குப் போவது என்பதை முப்பது வருஷமாக இந்தப் பலகைதான் தீர்மானித்துவந்தது. தீர்ப்பைக் கேட்பதற்கென்றே தேய்த்த சட்டையை வீட்டில் கசக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

படத்தில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, துணியைப் பார்ப்பார். ஏழை விதவையாக வந்த ஒரு நடிகையின் கறுப்பு அங்கியில் கடையில் மடித்து வைத்திருந்த தடம் அப்படியே தெரிந்ததாம். அவள் கதறி அழுதபோது தியேட்டரே மூக்கைச் சிந்த, பயூமி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது மறுத்துப் பேசினால் சண்டைக்குப் போக மாட்டார். “நான் சொல்லல, துணி சொல்லுது” என்பார். அதற்குமேல் அவரிடம் வாதம் கிடையாது.

வாயால் தண்ணீர் ஊதுவதை அருவருப்பாக நினைப்பவர்களும் தெருவில் இருக்கிறார்கள். மூன்றாம் மாடி டாக்டரின் மனைவி அதற்காகவே துணியை இரண்டு தெரு தள்ளிக் கொடுக்கிறாள். மகள் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் தெளிப்பான் அலமாரியில் லேபிள் பிரியாமல் நிற்கிறது. டாக்டர் வீட்டுத் துணி போனதில் பயூமிக்கு வருத்தமில்லை. அந்த மனுஷன் படமே பார்ப்பதில்லை என்பதுதான் அவருக்குக் குறை.

பெருநாளுக்கு முந்தின நாள் தெரு முழுவதன் புதுத்துணியும் அவர் பலகைமேல்தான். பெருநாளன்று தொழுகை, மனைவி இன்ஸாஃப் சுட்ட சர்க்கரை தூவிய பிஸ்கட்டு, தேநீர். பிறகு தன்னுடைய சாம்பல் நிறக் கோட்டைத் தானே தேய்த்து மாட்டிக்கொண்டு நகர மையத்துத் தியேட்டருக்கு முதல் ஆட்டம். கூட வருவது எதிர்வரிசையில் கரும்புச்சாற்றுக் கடை வைத்திருக்கும் ஹாஜி ஷலபி. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஜோடி மாறவில்லை. ஷலபி நல்ல தொப்பை, நல்ல சிரிப்பு, நல்ல தூக்கம். அவர் தியேட்டருக்கு வருவது குளிர்ச்சிக்கு. விளக்கை அணைத்துக் கால் மணி நேரத்தில் குறட்டை கிளம்பும். திரும்பி வரும்போது மெட்ரோவில் தொங்கிக்கொண்டே, “கடைசில யாருப்பா செத்தது?” என்று கேட்பார். பயூமி முதலிலிருந்து கதை சொல்வார். அதைச் சொல்வதில் பயூமிக்குப் படம் பார்ப்பதைவிட ருசி அதிகம்.

இந்தப் பெருநாளுக்கு வந்த நான்கு படத்தில் அவர்கள் போனது 'மால்டா கடிகாரம்'. உளவுப் படம். நம் உளவுத்துறை ஆள் ஒருவன் மால்டாவுக்குப் போகிறான். ஒரு பழைய கடிகாரத்துக்குள் பெயர்ப் பட்டியல் ஒளிந்திருக்கிறது. நம் தூதரகத்திலேயே ஒரு துரோகி. கார்கள் கூரைமேல் பறக்கின்றன. கதாநாயகன் வெடிக்கும் கப்பலிலிருந்து குதித்து விடியும்வரை கடலில் நீந்தி, கரையேறி, நேரே ஒரு ஓட்டலுக்குள் நடந்து போகிறான். அங்கேதான் பயூமி பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“ஆறு மணி நேரம் கடல்ல கெடந்தவன் சட்டைக் கையப் பாரு ஹாஜி. மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. கடலுக்குள்ள எவன் கடை வெச்சிருக்கான்?”

கப்பல் வெடித்த சத்தத்தில் ஷலபி அன்றைக்கு என்னவோ விழித்திருந்தார். விதை தொண்டையில் சிக்கும்வரை சிரித்தார்.

ஆனால் பயூமி பார்த்த பெரிய விஷயம் அது இல்லை. படம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம், தூதரகத்துக் குமாஸ்தா ஒருவன் நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறான். இருபது வருஷமாகத் தனிக்கட்டை என்று சொல்லிக்கொள்கிறவன். கைக்குட்டையோ நான்காக மடித்து, ஓரத்தை உள்ளே திருப்பித் தேய்த்தது. எந்த ஆம்பளையும் கைக்குட்டையை இஸ்திரிக் கடையில் போட மாட்டான். முப்பது வருஷத்தில் பயூமி கைக்கு ஒன்றுகூட வந்ததில்லை. அது வீட்டில் ஒரு பெண் கைபட்டுத் தேய்வது. இன்ஸாஃப் அவருக்கு அப்படித்தான் மடித்துத் தருகிறாள். அப்படியானால் அவன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், அவளை மறைக்கிறான், அவன்தான் துரோகி. கடைசிக் காட்சியில் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தபோது தியேட்டரே வாய் பிளந்தது. பயூமி பிளக்கவில்லை. இதை எடுத்தவன் வேலை தெரிந்தவன் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இதை அவர் ஷலபியிடம்கூடச் சொல்லவில்லை. மைக்குக்காக வைத்திருந்தார்.

மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருநாள் முதல் ஆட்டம் விட்டதும் டிவிக்காரர்கள் தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்பார்கள், வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்பார்கள். பயூமி எத்தனையோ வருஷமாக அந்த வாசலை மெதுவாகக் கடந்திருக்கிறார். கோட்டுப் பொத்தானைச் சரிசெய்ய நின்றிருக்கிறார். மைக் எப்போதும் கத்துகிற இளைஞர்களிடமும் குழந்தையைத் தோளில் தூக்கியவர்களிடமும்தான் போகும்.

இந்த வருஷம் மைக் பிடித்த டிவிப் பெண் ஒருத்தி நேராக அவரிடம் வந்தாள். மைக் அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. “சொல்லுங்க ஐயா, படம் எப்படி?”

நம் ஊரில் வளர்ந்த எவனும் என்ன செய்வானோ அதைத்தான் பயூமி செய்தார். கையை நெஞ்சில் வைத்தார். “ஹாஜி இருக்கும்போது நானா? ஹாஜி முதல்ல சொல்லட்டும்” என்றார்.

இது நடு ஆற்றில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற கூப்பாடு. கரையில் நிற்பவன் தண்ணீரில் குதிக்கக் கூடாது. ஷலபி 'சத்தியமா நீதான்' என்று தள்ள வேண்டும், பயூமி திருப்பித் தள்ள வேண்டும், மூன்றாவது சுற்றில் மைக் வந்து சேர வேண்டிய இடத்தில் சேரும். ஒரு கோப்பை காப்பிக்கே இந்த ஊரில் அவ்வளவு நடக்கும். ஷலபி ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. தொப்பையை முன்னால் கொண்டுவந்து மைக்கைப் பார்த்துச் சிரித்தார்.

“மகளே, ஆறு மணி நேரம் கடல்ல கெடந்தவன் சட்டைக் கையில மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. கடலுக்குள்ள எவன் கடை வெச்சிருக்கான்?”

காமிராக்காரன் குலுங்கிச் சிரித்தான். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கும்பலைப் பார்த்து ஓடினாள். பயூமியின் கை நெஞ்சிலேயே இருந்தது.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோத் துண்டு கெய்ரோ முழுக்க எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் ஷலபிக்கு 'மடிப்பு ஹாஜி' என்று பெயர் விழுந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் கார் நிறுத்தி இறங்கிக் கரும்புச்சாறு குடித்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது போகட்டும். எங்கள் தெருக்காரர்களே துணி மூட்டையைப் பயூமியின் பலகையில் போட்டுவிட்டு, அப்படியே சாலையைத் தாண்டிப் போய், மீதி மூன்று படத்தையும் பற்றி ஷலபியிடம் கேட்டார்கள். ஷலபி அந்த மூன்றையும் பார்க்கவே இல்லை. பார்க்காத படத்துக்கும் பதில் சொன்னார்.

பயூமிக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. சாற்று இயந்திரம் கரகரக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. ஷலபி வாயில் அந்த ஆறு மணி நேரம் இரண்டாம் நாள் ஒன்பதாயிற்று. மூன்றாம் நாள் ஷலபிக்குப் படம் தொடங்கியதுமே அந்தச் சட்டைமேல் ஒரு கண் இருந்ததாம். பயூமி பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். தினம் பதினொரு மணிக்கு எதிரிலிருந்து வருகிற சாற்றை, சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஆனால் அந்த வீடியோவைத் தன் போனில் எத்தனை தரம் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. அதில் ஓரத்தில் அவருடைய கோட்டுக் கை தெரிகிறது. மடிப்பு அருமையாக விழுந்திருக்கிறது. முகம் இல்லை.

மதியச் சாப்பாட்டில் இன்ஸாஃப் அவருக்குப் பிடித்த முலுக்கியாக் கீரை வைத்திருந்தாள். அவர் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

“நாதிர் வாப்பா” என்று மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். “மைக்க நீங்கதானே அவருக்குக் குடுத்தீங்க?”

“மரியாதைக்குக் குடுத்தேன்.”

“அவரு வாங்கிக்கிட்டாரு. நல்லாத்தான் பேசினாரு பாவம். அதுல என்ன தப்பு?”

“மூணு தடவ வேணாம்னு சொல்லணும் இன்ஸாஃப்.” ரொட்டியைத் தட்டில் வைத்தார். “ஒரு தடவகூடச் சொல்லல.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கிளம்பும்போது வழக்கம்போல நான்காக மடித்த கைக்குட்டையைக் கோட்டுப் பையில் வைத்தாள். அந்தக் குமாஸ்தாவின் விஷயத்தை அவளிடமாவது சொல்லிவிடலாமா என்று பயூமிக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அது சாயங்காலத்துக்குள் சாலையைத் தாண்டிவிடும். விழுங்கிவிட்டார்.

வியாழக்கிழமை பகலில் ஷலபி ஒரு நீலச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். டிவி நிலையத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களாம். சினிமா நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு, அரை மணி நேரம், எதிரே ஒரு விமர்சகர். அஞ்சு மணிக்குக் கார் வருமாம்.

பயூமி சட்டையை வாங்கிப் பலகைமேல் விரித்தார். இடது கையில் இரட்டை மடிப்பு ஒன்றை விட்டுவிட்டால் போதும் என்ற நினைப்பு அவருக்கு வராமல் இல்லை. விரல் அகலத்தில் இரண்டு கோடு. போட்டிருப்பவனுக்குத் தெரியாது, பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும். மடிப்பு ஹாஜியின் சட்டையில் இரட்டை மடிப்பு என்றால் கெய்ரோ விழுந்து விழுந்து சிரிக்கும். குவளையை எடுத்தார், வாயை நிரப்பினார், ஊதினார். பெட்டியை இறக்கினார். கை அது பாட்டுக்கு வேலையைச் செய்தது. முப்பது வருஷத்துக் கை, நினைப்புக்கெல்லாம் வளையாது. காலரின் உள்பக்கம், பொத்தான்களின் இடுக்கு, கைப்பட்டி, எதையும் விடவில்லை. இரண்டு கையிலும் ஒற்றைக் கோடு நேராக விழுந்தது.

ஷலபி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “நீயும் வாயேன் பயூமி” என்றார்.

பயூமியின் நெஞ்சு ஒரு குதி குதித்தது. சாம்பல் கோட்டு உள்ளே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் முதல் அழைப்புக்கே சரி என்று சொல்ல அவர் என்ன ஷலபியா?

“வேலை கெடக்கு ஹாஜி” என்றார். சட்டையை மடிப்பதை மெதுவாக்கிக்கொண்டு இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தார்.

“அதுவும் சரிதான்” என்றார் ஷலபி.

பயூமி சட்டையை மடித்து முடித்தார். செய்தித்தாளில் சுற்றி நீட்டினார். ஷலபி வாங்கிக்கொண்டார், ஆனால் போகவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. தொப்பை பலகையில் இடிக்க முன்னால் குனிந்து, யாரும் கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அரை மணி நேரமாம்ப்பா. மடிப்பு விஷயம் ஒரு நிமிஷத்துல தீந்துரும். அப்புறம் நான் என்னத்தச் சொல்வேன்? அந்தக் கப்பல் வெடிக்கறதுக்கு முன்னாடி முழுக்கத் தூங்கிட்டேன். நீ பாத்திருப்ப. உன் கண்ணுக்கு வேற என்னமோ ஒண்ணு தட்டுப்பட்டிருக்கும். எனக்குத் தெரியும் உன்ன. சொல்லு.”

உஸ்தா பயூமி தகரக் குவளையை எடுத்தார். அதை நன்றாகச் சாய்த்து வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. இரண்டு கையையும் பலகைமேல் ஊன்றி, ஷலபியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷலபி பழக்க தோஷத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் ஊதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

பலகைமேல் துணி எதுவும் இல்லை.