மஞ்சள் வீட்டுக்கு எதிரில்

பத்து நாள் முன்பு காலையில் எங்கள் வீட்டு கேட் முன்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். கையில் மூன்று பைகள், ஒரு புது பக்கெட். பார்த்ததுமே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது!

காரணம் இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்காக மாடியில் நானும் மனைவி சரோஜாவும் ஹாஸ்டல் நடத்துகிறோம். பன்னிரண்டு கட்டில். ஆள் இருந்தது நான்கில். "இந்த மாசமும் இப்டியே போச்சுன்னா மாடியப் பூட்டிடலாங்க. சமையக்காரம்மாவ நிறுத்த மனசு வரல, ஆனா வேற வழி?" என்று அதற்கு முந்தின நாள்தான் சரோஜா சொல்லியிருந்தாள்.

எதிர்வீட்டு கஜேந்திரனும் ஹாஸ்டல்தான் நடத்துகிறார். ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். அங்கே கட்டில் காலியாக இருந்ததே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? தினமும் அவர் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுகிறேனே...

"வாங்கம்மா" என்று கேட்டைத் திறந்தேன்.

"தாத்தா, மஞ்ச வீட்டுக்கு எதுத்தாப்ல ஹாஸ்டல்னு போட்டிருக்கு. மஞ்ச வீடு இதுதானே?" தென்காசிப் பேச்சு. பெரியவள் போனை நீட்டினாள்.

கஜேந்திரனின் வெப்சைட். அதில் அடையாளம் — என் வீடு! நான் பெயின்ட் அடித்தது அவருக்கு வழி காட்டவா?

"இங்கயும் ஹாஸ்டல்தாம்மா. வெப்சைட்கூட இருக்கே, பார்க்கலையா?" என்று போர்டைக் காட்டினேன்.

சின்னவள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏட்டி, அந்த நாதஸ்வர ஹாஸ்டல்!"

நாதஸ்வரம் என் யோசனைதான். வெப்சைட்டைத் திறந்ததும் மங்கலமாக ஒலிக்கட்டுமே என்று.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல எல்லாரும் உறங்கிக்கிட்டு வாராவ. தொட்டதும் பீப்பீன்னு ஆரம்பிச்சிட்டு! டிரைவர் அண்ணன் திரும்பி, 'யாருக்கு கல்யாணம்?'ங்காரு தாத்தா!"

"சத்தத்தை நிறுத்திட்டுப் படிச்சிருக்கலாமே?"

"பாத்தோம். உங்க போட்டோ வந்துச்சு. கீழ நிறைய எழுதியிருந்துச்சு..."

நிறையவா? பதினோரு பத்தி! 'நிறுவனர் உரை'. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது.

"சரி, உங்களுக்கு என்னதான் தெரியணும்?"

"விடியக்காலம் ஷிப்ட் முடிச்சு வந்தா கதவத் தொறப்பாவளா, கம்பெனி பஸ் எங்க நிக்கும், தண்ணி வருமா... இதுல எல்லாம் இருக்கு."

இருந்தது. கஜேந்திரனின் வெள்ளைப் பக்கத்தில் ஐந்தே வரி. சமையலறைப் படம் ஒன்று. பெரிய எழுத்தில் போன் நம்பர். தொட்டாலே போன் போகிறது. என் வெப்சைட்டில் நம்பர் எங்கே? அது இல்லை. படிவம் நிரப்பினால் எனக்கு இ-மெயில் வரும். இ-மெயிலை நான் வாரம் ஒருமுறை பார்ப்பேன்!

எதிரே கஜேந்திரன் வெளியே வந்தார். "இன்னா சார், நம்ம வூட்டுக்கு வந்த பொண்ணுங்கள அங்கியே மடக்கிக்கினீங்களா? வாங்கம்மா, வாங்க!"

பக்கெட் ரோட்டைக் கடந்து போனது. எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"எல்லாம் காதுல விழுந்துச்சு. மொதல்ல அந்த பீப்பீய நிறுத்துங்க" என்றாள் சரோஜா.

வெப்சைட் செய்து கொடுத்த, தண்டலத்தில் இருக்கும் நண்பருக்கு போன் போட்டேன். "பாட்டை எடுத்துடறேன் சார். உங்க உரைய என்ன பண்றது?" என்றார். சரோஜா போனைப் பிடுங்கி, "எடுத்துடுங்க தம்பி" என்றாள். பிறகு என் போட்டோவையும் எடுக்கச் சொன்னாள். ராத்திரி ஷிப்ட் பெண்களுக்குக் கதவு திறக்கும் என்பதை முதல் வரியாகப் போடச் சொன்னாள். படிவத்துக்குப் பதில் தன் பெயரையும் செல் நம்பரையும் கொடுத்தாள்.

நம் பெருமையைச் சொல்லத்தான் வெப்சைட் என்று நினைக்கிறோம். பார்க்கிறவளோ தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாள். கையில் சின்ன போன், பஸ் வேறு குலுங்குகிறது. அவள் மனதில் இருக்கும் கேள்விக்குப் பதில் முதலில் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். புரிகிறது. ஆனால் இது எனக்கு முன்னால் கஜேந்திரனுக்கு எப்படிப் புரிந்தது? அதுதான் ஆறவில்லை.

இதுவரை ஐந்து பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாடியைப் பூட்டும் பேச்சு நின்றுவிட்டது. இன்று மட்டும் ஏழு போன். சரோஜாவின் செல்லை ஏழு தடவையும் நான்தான் ஓடிப் போய் எடுத்தேன்.

ஏழு பேரும் கேட்டது ஒன்றுதான் — "அக்கா இல்லீங்களா?"