பாலம்மாள் மெஸ் சாப்பாடு

சிவகாசியில் ஆடி முடிந்துவிட்டால் லாட்ஜில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. தீபாவளிச் சரக்கு எடுக்க வருகிற வெளியூர் வியாபாரிகள் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்துக் கிடப்பார்கள். 2007 ஆவணியிலும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் பெங்களூரிலிருந்து வந்த விசுவநாதனைச் சம்சு தன் வீட்டு மாடி அறையில் தங்க வைத்தார்.

சம்சு பட்டாசு ஏஜென்ட். கம்பெனிகளில் சரக்கைப் பேசி எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு லோடு அனுப்புவது அவர் தொழில். விசுவநாதன் பெங்களூரில் ஒரு மொத்தக் கடைக்கு மேனேஜர். அந்தக் கடையின் ஆர்டர் அந்த வருடம்தான் சம்சு பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. மனிதர் சுத்த சைவம். போதாததற்குக் குடல்புண் வேறு. ஓட்டல் குழம்பை இரண்டு வேளை சாப்பிட்டதற்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதைக் கேட்டதும் சம்சுவின் மனைவி ஷரீஃபுன்னிசாவுக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. அவளுக்குத் தெரிந்த வேலை அது. விருதுநகரில் அவள் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். அவளுக்குப் பதினாறு வயது நடக்கும்போது அவருக்கும் இதே குடல்புண். கறி கூடாது, மிளகாய் கூடாது, புளி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். கறியில்லாமல் சோறு இறங்காத மனிதரைக் காய்கறியும் பருப்புமாக உட்கார்த்திச் சாப்பிட வைத்தது அவள்தான். ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறாகச் செய்துபார்த்து, எது எரியும், எது ஆற்றும் என்று அவர் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அத்தா தேறி எழுந்து, அவள் கல்யாணப் பந்தலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். பிறகு சிவகாசிக்கு வாழ வந்தவள் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளுக்கெல்லாம் நெய்ச்சோற்றுக்குப் பதம் பார்க்கப் போகிறவளாகிவிட்டாள். அவள் சமையலை யாரும் குறை சொல்லி அவள் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவிட்டு, சீரகமும் நாலே நாலு மிளகும் நெய்யில் பொரித்துக் கொட்டினாள். சுரைக்காய்க் கூட்டில் மிளகாயே போடவில்லை. தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு இறக்கினாள். மோரைக் கடைந்து இஞ்சி தட்டிப் போட்டாள். கூடத்தில் பாயை விரித்துவிட்டு, மகள் அப்சானாவிடம் தட்டு எடுக்கச் சொன்னபோது சம்சு அடுப்படிக்குள் வந்தார். கையில் டிபன் கேரியர்.

“தட்டு வேண்டாம். இதுல போடு.”

“எதுக்கு? மாடியிலேயே சாப்பிடுறாகளா?”

சம்சு குரலைத் தாழ்த்தினார். “வெளிய ஒரு சைவ மெஸ்ல சொல்லியிருக்கேன்னு அவர்ட்ட சொல்லிட்டேன். பாலம்மாள் மெஸ்ஸுன்னு. நம்ம வீட்ல செஞ்சதுன்னா மனுசன் தொடுவாரோ என்னவோ. எதுக்கு வம்பு?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் கேரியரை நிரப்பிப் பூட்டியிருந்தார். பின்வாசல் வழியாக இறங்கி, சந்துக்குள் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, முன்வாசலில் வந்து ஹாரன் அடித்தார். “சார், சாப்பாடு வந்துருச்சு” என்றபடியே மாடிப்படி ஏறினார். தன் வீட்டுச் சோறு தன் வீட்டுக்குள் இரவல் சோறாக நுழைவதை ஷரீஃபுன்னிசா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். விரித்த பாயை அப்சானா சுருட்டிவைத்தாள்.

ஒரு நாளைக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டாள். அது ஒரு நாளோடு போகவில்லை. மறுநாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். அடுத்த நாள் இட்லியும் பீர்க்கங்காய்த் துவையலும். அதற்கடுத்து ரவைக் கிச்சடி. எல்லாம் பின்வாசலில் இறங்கித் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் ஏறின. வீட்டில் மீன் நின்றுபோனது. ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் வற்றிக் கிடந்ததால் மீன் நிறையப் பட்ட சமயம் அது. கூடையோடு வந்து நின்ற மீன்காரி பத்திரகாளியைச் சம்சு ஜாடை காட்டித் திருப்பி அனுப்பினார். “மாடிக்கு வாடை போகும்” என்றார். அப்சானா பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டைப் பார்த்துவிட்டு, “நமக்கும் வயித்துல புண்ணாம்மா?” என்று கேட்டாள். ஷரீஃபுன்னிசா அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

அவளுக்குப் பொறுக்காமல் போனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கிவந்த விசுவநாதன் நின்றார். முகம் தெளிந்திருந்தது. வந்த அன்று இருந்த வாட்டம் இல்லை.

“அந்தப் பாலம்மாள் மெஸ் எங்கம்மா இருக்கு? ஊருக்குப் போறதுக்குள்ள அந்த அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும். நாலு வருஷமா இப்படி வயிறு குளிரச் சாப்பிட்டதில்ல. சைவச் சமையல்னா அதுக்குன்னு ஒரு கை வேணும். முடிஞ்சா நீங்களும் போய்க் கத்துக்கோங்க.”

பிழிந்த துணி கையிலிருந்து வாளிக்குள்ளேயே விழுந்தது. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு, கேட்டுக்கு உள்ளே வண்டி துடைத்துக்கொண்டிருந்த சம்சுவைப் பார்த்தாள். சம்சு குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. விசுவநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

“மச்சான், உள்ள வாங்க.”

சம்சு அவளுடைய மாமி மகன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் குரலை மட்டும் அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

“யாரு அந்தப் பாலம்மாள்?”

“சும்மா வாயில வந்த பேரு நிசா.”

“என் சமையலுக்கு ஒரு பேரு தேடுனீக. என் பேரு வாயில வரல. எவ பேரோ வந்துச்சு. இப்ப அவகிட்டப் போய் நான் கத்துக்கணுமாம். அதையும் கேட்டுக்கிட்டு வண்டி தொடைக்கிறீக.”

“மெதுவாப் பேசு. ஆர்டர் இன்னும் முடியல. இந்த ஆர்டர் போச்சுன்னா அடுத்தவன் கொத்திக்கிட்டுப் போயிருவான்.”

“அவரு கேட்டாரா? உங்க வீட்டுச் சோறு வேண்டாம்னு அவரு வாயால சொன்னாரா?”

சம்சு யோசித்தார். “வீட்டுக்குச் சிரமம் வேண்டாம்னாரு. அதுக்கு வேற என்ன அர்த்தம்?”

“சிரமம் வேண்டாம்னா சிரமம் வேண்டாம்னுதான் அர்த்தம். மிச்சமெல்லாம் நீங்களா நெனச்சுக்கிட்டது. ஊருல எவனாச்சும் நம்மள அப்படிச் சொன்னா சண்டைக்குப் போவீக. இப்ப யாரும் சொல்லாமலே நீங்களே சொல்லிக்கிட்டீக. எம்புட்டு வருசமா என் கையில சாப்பிடுறீக. அந்தக் கையப் பின்வாசல் வழியா அனுப்புறதுக்கு உங்களுக்குக் கூச்சமா இல்லையா?”

சம்சு மறுபடியும் வண்டி துடைக்கப் போய்விட்டார். சாயங்காலம் பழக்கதோஷத்தில் கேரியரைக் கழுவி அடுப்படித் திண்டில் வைத்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேரியரைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

அன்று செய்தது புளியில்லாத தக்காளி ரசமும் பூசணிக்காய்ப் பருப்புக் கூட்டும். வீட்டிலேயே நல்ல தட்டாக எடுத்துச் சோறு போட்டு, ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தானே மாடிப்படி ஏறினாள். சம்சு பின்னாலேயே ஓடிவந்தார்.

விசுவநாதன் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தட்டோடு அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“சார், பாலம்மாள்னு யாரும் இல்ல. இம்புட்டு நாளும் நீங்க சாப்பிட்டது நான் செஞ்சது. கீழ இருக்குற அடுப்புல செஞ்சது. தனிச் சட்டி, தனிக் கரண்டி. நீங்க இருக்குறதுனால இந்த வீட்டுக்குள்ள மீன் வந்து ஆறு நாளாச்சு. இதை உங்கட்ட மறைச்சது தப்பு. அதை நான் செய்யல, ஆனா எனக்கும் தெரியும். அதான் சொல்ல வந்தேன்.”

விசுவநாதன் கோபப்படவில்லை. அதிர்ச்சியும் அடையவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“எனக்குத் தெரியும்மா,” என்றார். “ரெண்டாவது நாளே தெரியும். தாளிக்கிற வாசனை ஜன்னல் வழியா முதல்ல வந்துரும். கேரியர் அப்புறம்தான் வரும்.”

சம்சுவின் முகத்தில் ஈயாடவில்லை.

“தெரிஞ்சுதான் சாப்பிட்டீங்களா?” அவள் கேட்டாள்.

“சாப்பாடு நல்லா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் வித்தியாசம் கிடையாது. ஆனா ஊர்ல போன் பண்ணினா எங்க சாப்பிடுறேன்னு அம்மா கேப்பாங்க. மெஸ்லன்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுரும். அவரும் அப்படிச் சொல்லிட்டாரு. எல்லாருக்கும் சௌகரியமா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

“எல்லாருக்கும்னா யாருக்கு?”

அவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“உங்களுக்குச் சௌகரியம். இவுகளுக்குச் சௌகரியம். காலையில என்னையப் பாத்து, போய்க் கத்துக்கோங்கன்னு சொன்னீங்களே, அது தெரிஞ்சுதான சொன்னீங்க. அது யாரு சௌகரியத்துக்கு?”

“பேச்சு வாக்குல... உங்களைப் பாராட்டணும்னுதான் ஆரம்பிச்சேன்.”

“என்னையப் பாராட்ட எவளோ ஒருத்தி பேரு எதுக்கு?” அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. “கீழ பாய் விரிச்சிருக்கு. நாங்க மூணு பேரும் இதைத்தான் சாப்பிடப் போறோம். விருந்தாளியா வந்து எங்களோட உக்காந்து சாப்பிடுங்க. உங்க அம்மாட்ட எங்க சாப்பிட்டீங்கன்னு நெசத்தச் சொல்லுங்க. முடியாதுன்னா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டல் இருக்கு.”

விசுவநாதன் சம்சுவைப் பார்த்தார். சம்சு தரையைப் பார்த்தார். “இங்கயே வச்சிட்டுப் போங்கம்மா, நான் சாப்பிட்டுக்கிறேன்” என்றார் விசுவநாதன் கடைசியில். கீழே வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அந்தத் தட்டில் இருந்ததை அவளே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. விசுவநாதன் கடைத்தெருவில் வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையில் பத்திரகாளியின் குரல் தெருமுனையில் கேட்டதும் ஷரீஃபுன்னிசாவே வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். கெண்டை மீனை அலசி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் புரட்டி, நல்லெண்ணெயில் போட்டாள். வாடை மாடிக்குப் போயிருக்கும்.

விசுவநாதன் அன்று மத்தியானமே கிளம்பினார். பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசல்வரை வந்தார். “நேத்து நான் கீழ வந்திருக்கணும்” என்றார். பரவாயில்லை சார் என்று சொல்லுவாள் என எதிர்பார்த்து நின்றார். அவள் அதைச் சொல்லவில்லை. “வயித்தப் பாத்துக்கோங்க. ராத்திரியில புளி சேக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வாரத்தில் பெங்களூர் ஆர்டர் உறுதியானது. பேசியது ஒரு லோடு, வந்தது இரண்டு. சம்சு சந்தோஷமாகச் செய்தி சொல்ல வந்தார். அதைக் கேட்டதும் அவளுக்கு அடங்கிக் கிடந்ததெல்லாம் மறுபடியும் கிளம்பியது. ஆர்டர் போயிருந்தால்கூட, பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது என்று மனதை ஆற்றியிருப்பாள். ஒன்றுமே போகவில்லை. ஒன்றுமில்லாததற்குப் பயந்து அவளை ஒரு வாரம் இல்லாமல் ஆக்கியிருக்கிறார். “அப்ப எதுக்கு மச்சான்?” என்று கேட்டாள். சம்சு அப்போதுதான், “தப்புதான் நிசா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அத்தனை நாளானதே என்று அதற்கும் அவளுக்குக் கோபம்.

அடுத்த வருடச் சீசனில், நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், கொல்கத்தாவிலிருந்து நிமாய் என்று ஒரு வியாபாரி வந்தார். கறியும் முட்டையும் தொடமாட்டார். மீன் என்றால் உயிர். அவரைக் கடைவீதியிலேயே நிறுத்திவிட்டுச் சம்சு மட்டும் வீட்டுக்கு வந்தார். அடுப்படிக்குள் நுழையாமல் வெளியே நின்றே கேட்டார்.

“ஒருத்தர் வந்துருக்காரு. உன்னால முடியும்னா கூட்டிட்டு வாரேன். என் வீட்டுக்காரிதான் சமைப்பான்னு சொல்லிட்டேன்.”

“வேற பேரு ஒண்ணும் சொல்லலியே?”

“சொல்லல.”

அன்று காரத்தைக் குறைத்து, தக்காளியும் பூண்டும் வதக்கி, கெண்டை மீன் துண்டுகளை வறுத்துப் போட்டு நீர்க்கக் குழம்பு வைத்தாள். நேரம் அதிகம் பிடிக்கிற சமையல் இல்லை. சோறு வடிவதற்குள் முடிந்துவிட்டது. நிமாய் கூடத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் அடுக்கிவைத்து, இரண்டாவது முறையும் சோறு வாங்கினார். அவர் பேசிய பாஷை அவளுக்குப் புரியவில்லை. தலைத்துண்டை அவர் கேட்டு வாங்கியது புரிந்தது.

அவர் கை கழுவப் போனபோது சம்சு மெதுவாகக் கேட்டார், “இப்பவாச்சும் கோபம் தீந்துச்சா?”

“இல்ல,” என்றாள் ஷரீஃபுன்னிசா. “நாளைக்கு அவருக்கு வறுக்கணுமா, குழம்பு வைக்கணுமான்னு கேட்டுட்டு வாங்க.”