சேத்தாச்சு

மெர்சி ஒன்பது வருடமாக ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அடையாள அட்டையில் இன்னமும் ‘தற்காலிகம்’ என்றுதான் இருக்கிறது. சிங்காநல்லூரில் ஒற்றை அறை வீடு. ஆறாவது படிக்கும் மகள் அன்புக்கரசி. வேறு யாருமில்லை.

மகளுக்கு அம்மாவின் வேலைமேல் பைத்தியம். தலையணையைத் தரையில் போட்டு, மூச்சு நின்றவர் நெஞ்சை அம்மா அழுத்துவதுபோல முழங்கை மடங்காமல் அழுத்திப் பழகுவாள். அம்மா வாசலில் வந்து இறங்கும்போதே கேள்வி வந்துவிடும்.

“ஏனுங்கம்மா, இன்னிக்கு யாரு? என்னாச்சு?”

“லாரி மோதுனவரு, கண்ணு. சேத்தாச்சு.”

“இந்தப் புள்ளைய கன்ட்ரோல் ரூம்ல உக்கார வெச்சா நமக்கு லீவே கெடைக்காதுங்க” என்பார், பைக்கில் கொண்டுவந்து விடும் டிரைவர் சீனிவாசலு.

சேத்தாச்சு. ஆம்புலன்ஸ்காரர்களின் வார்த்தை அது. ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தோம், கையெழுத்து வாங்கினோம், அவ்வளவுதான். செத்துவிட்டார் என்று சொல்லும் அதிகாரம் டாக்டருக்கு மட்டும். ஆகவே காகிதத்தில் வண்டிக்குள் எவரும் சாவதில்லை. மூச்சு நின்றவரையும் ஆஸ்பத்திரி வாசல்வரை அழுத்திக்கொண்டே போய்ச் சேர்ப்பாள் மெர்சி. மகளோ, சேத்தாச்சு என்றால் பிழைத்தாச்சு என்று எடுத்துக்கொண்டாள். மெர்சிக்கு அது தெரியும். வீட்டில் ஒருத்தியாவது நம்பட்டுமே என்று திருத்தாமல் விட்டாள்.

போன மே மாதம், பகல் பதினோரு மணி. அடுத்த தெரு லேத் பட்டறையில் ஷாநவாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்புக்கரசியின் தோழி நிதாவுக்கு அப்பா. அந்தப் பகுதிக்கான ஆம்புலன்ஸ் டயர் இல்லாமல் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தது. மெர்சியின் வண்டி மதுக்கரையிலிருந்து வந்து சேர நாற்பது நிமிடம். பட்டறைக்குள் கால் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வழி முழுக்க அழுத்தினாள், மணிக்கட்டு மரத்துப்போகும்வரை.

ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது.

“நிதா அப்பாவாம்மா? என்னாச்சுங்க?”

வாய்ப்பழக்கம். “சேத்தாச்சு அம்மணி” என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்கு வண்டி ஏறினாள்.

ஒன்றரை மணிக்கு அந்தக் கேஸை அதே ஆஸ்பத்திரியில் இறக்கும்போது வாசலில் ஷாநவாஸின் மனைவி ஜாஹிதா நின்றாள். ஒரு கையில் கஞ்சி பிளாஸ்க், மறு கையில் துவைத்து மடித்த லுங்கி.

“எந்த வார்டுன்னு கேட்டா, பின்னாடி பில்டிங்குக்குப் போகச் சொல்றாங்க மெர்சிக்கா. அங்க வார்டே இல்லீங்களே. உங்க புள்ள ஓடி வந்து சொல்லுச்சு, எங்கம்மா சேத்துட்டாங்க, இனிப் பயமில்லைன்னு. கஞ்சி ஆறிரும், வழி காட்டுங்க.”

மெர்சி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். ஜாஹிதாவின் தோளைப் பிடித்தபடி, பிணவறை இருக்கும் பின்கட்டடத்துக்கு நடந்தாள். பாதி வழியில் சொன்னாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் மகளிடமும் சொன்னாள். அன்புக்கரசி அழவில்லை.

“அப்ப காரமடைப் பாப்பா? தண்ணித் தொட்டில உழுந்துச்சே, அதையும் சேத்தாச்சுன்னீங்களே?”

“அதுவுந்தான் கண்ணு.”

“நான் நிதாகிட்ட சத்தியம் பண்ணிப்போட்டனே.”

தரையில் கிடந்த தலையணைக்கு உறை மாட்டிக் கட்டிலில் வைத்தாள். நிதா அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

ஜூனில் ஒருநாள், தொண்டையில் தேங்காய்ச்சில் அடைத்த பெரியவர் ஒருவர் வண்டிக்குள்ளேயே மூச்சு திரும்பி, எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மெர்சி வீட்டுக்கு வந்து கேள்விக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

“இன்னிக்கு ஒருத்தரு பொழச்சுட்டாரு கண்ணு. நெசமாலுமே.”

அன்புக்கரசி நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

“சேத்தாச்சாங்கம்மா? செரி.”