பத்துமணிப்பூத் தரை

பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு சின்னப் புல்தரை உண்டு. அம்மா இறந்த பிறகு ஆம்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு தங்க வந்த அப்பா, காலையில் எழுந்ததும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நிற்பார். பள்ளியில் பி.டி. ஆசிரியராக இருந்தவர். சும்மா உட்கார அவருக்கு வராது.

அந்தக் கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர் வர ஆரம்பித்தது. தோட்டத்துக்கு யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று குடியிருப்புச் சங்கம் சொல்லிவிட்டது. புல் வைக்கோலாகிப் போனது. நான் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, மண்ணில் மணல் கலந்து, பத்துமணிப்பூவும் சீடம் என்ற குட்டி இலைச் செடியும் வாங்கி வந்து நட்டேன். இரண்டுமே சதைப்பற்றான இலைகளோடு தரையை ஒட்டிப் படர்பவை. நர்சரிக்காரர் கன்னடத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: தண்ணீர் அதிகம் விடாதீர்கள்.

முதலில் நன்றாகத்தான் படர்ந்தன. பிறகு ஒரு மூலையிலிருந்து அழுகத் தொடங்கின. இலைகள் கண்ணாடிபோல் ஆகி, தொட்டால் நீராகக் கசிந்தன. மழைதான் காரணம் என்று நினைத்தேன். மழையே இல்லாத ஒரு காலையில் பின்கதவைத் திறந்தால், அப்பா அரிசி களைந்த தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மண்ணு காஞ்சி கெடந்துச்சும்மா. பாக்க மனசு கேக்கல."

காய்ந்து கிடப்பதுதான் அவற்றுக்கு நல்லது, தண்ணீர் விட்டதால்தான் அழுகுகின்றன என்று விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. அவர் குவளையை வாளிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் பின்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். காலை முழுவதும் டி.வி. ஓடியது. நான் என்ன பேசினாலும் "ம்" என்பதோடு சரி.

ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இங்க எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலைதான். இப்ப வச்சிருக்கிற செடிக்கு ஆளே வேணாம்."

தண்ணீர் மிச்சமாவதை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அழுகியதைக் களைய என்னால் தனியாக முடியவில்லை என்று அவரைக் கூப்பிட்டேன். அது பொய்யும் இல்லை. நல்ல தண்டுகளைக் கிள்ளி, வெட்டுவாய் உலரும்வரை செய்தித்தாளில் நிழலில் பரப்பி வைத்தோம். உலர்ந்ததும் அவர் நூல் கட்டி, வரிசை பிடித்து நட ஆரம்பித்தார். டிரில்லுக்குப் பிள்ளைகளை நிறுத்துகிற அதே இடைவெளி. எங்கே நட்டாலும் படர்ந்துவிடும், நூலெல்லாம் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் தரை மூடிவிட்டது. வெயில் ஏறியதும் ரோஜா நிறமும் மஞ்சளுமாகப் பூத்தது. அதில் கால்வைத்து நடக்க முடியாது, மிதித்தால் நசுங்கிவிடும். வெறுங்காலோடு புல்லில் நடந்த சுகம் போனது போனதுதான். அப்பாவும் அதைச் சொல்லிக் குறைப்பட்டார்.

பால்கனியிலிருந்து பூக்களைப் பார்த்த மேல்வீட்டு அம்மாள் இறங்கி வந்து, இரண்டு தண்டு கிடைக்குமா என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா காலித் தயிர் டப்பாவில் ஓட்டை போட்டு, நட்டே கொடுத்தார். தண்ணீர் விடவே கூடாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த அம்மாளைப் பார்த்து வேறு சிலரும் கேட்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் தயிர் டப்பா தங்குவதே இல்லை.

போன வாரம் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "கிள்ளி நடறதுக்குக் கன்னடத்துல என்னம்மா சொல்லுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். மேலதான் போறேன், அவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.