காப்பி டப்பாவில் கடைசிச் சீட்டு

எல்லோரிடமும் ஒரே மாதிரி நியாயமாக நடந்துகொள்ளும் ஒருவரால், யாராவது ஒருவரிடம் அன்பாக இருக்க முடியுமா? ஜெராலினோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளைப் பற்றி இருந்த கேள்வி இதுதான். யாரும் இந்தச் சொற்களில் கேட்டதில்லை. "அவ மோசமில்ல, ஆனா..." என்று தொடங்குவார்கள். அந்த 'ஆனா'வோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அமெரிக்காவின் வட மெய்னில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே, பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகையில் வண்டிகளை அனுப்பும் வேலை அவளுக்கு. எந்தச் சாலையில் பனி இறுகிவிட்டது, எந்த ஓட்டுநர் காய்ச்சலில் கிடக்கிறார், எந்த வீட்டு நாய் டயரைத் துரத்துகிறது என்பதெல்லாம் ரேடியோ வழியாக அவள் காதுக்கு வந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பு, கடைசி நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபின் நடக்கும் பரிசு மாற்று ஆட்டமும் அவள் பொறுப்புதான்.

ஆளுக்கொரு பொட்டலம் மேசைமேல் வைக்கவேண்டும். பழைய காப்பி டப்பாவிலிருந்து எண் சீட்டு எடுக்கவேண்டும். முறை வந்ததும் ஒரு பொட்டலத்தைப் பிரிக்கலாம். இல்லையென்றால் இன்னொருவர் பிரித்து மடியில் வைத்திருப்பதைப் பிடுங்கிக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் வேறொன்றைப் பிரித்துக்கொள்வார். ஒன்றாம் எண்காரருக்குப் பிடுங்க எதுவும் இருக்காது. அதனால் எல்லாம் முடிந்தபின் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு எதை வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை அவருக்கு. வருஷம் முழுக்க மரியாதையாகப் பேசிக்கொள்பவர்கள் அன்று ஒரு பாட்டில் மேப்பிள் மரப் பாகுக்காக வரிந்துகட்டி நிற்பார்கள்.

ஜெராலின் சேர்த்த விதி ஒன்று உண்டு. மேசைமேல் வைத்தபின் அது வைத்தவருடையது அல்ல. திருப்பிக் கேட்கக்கூடாது, பிறகு ரகசியமாகக் கைமாற்றவும் கூடாது.

அந்த விதியில் அடிபட்டவள் க்ளோடெட். ஆற்றோரப் பாதையில் வண்டி ஓட்டுபவள். சில வருஷங்களுக்கு முன் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கட்டிக் கொண்டுவந்தாள். தன் அப்பாவின் பேனாக்கத்தி அதற்குள் கிடந்ததை மறந்துவிட்டாள். டப்பா நார்மன் என்ற ஓட்டுநரின் கைக்குப் போயிற்று. கத்தியைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்பதுபோல அவன் ஜெராலினைப் பார்த்தான். "வச்சா வச்சதுதான்" என்றாள் அவள். நார்மன் ஓய்வு பெற்று புளோரிடாவுக்குப் போய்விட்டான். கத்தி அங்கே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும். க்ளோடெட் அன்றும் வாதாடவில்லை, பிறகும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு வருஷமும் தவறாமல் பொட்டலம் கொண்டுவந்தாள். திட்டியிருந்தால்கூட ஜெராலினுக்கு இத்தனை கனத்திருக்காது.

இன்னொரு ஓட்டுநரான ரெனோவின் மனைவி லொரெட் இறந்தது ஓர் இலையுதிர் காலத்தில். மாற்றுக்கு ரெனோ கொண்டுவருவது எப்போதும் அவள் பின்னியதாகத்தான் இருக்கும். அதற்குத்தான் பிடுங்கல் அதிகம். அந்த வருஷமும் அவன் பழுப்புத்தாள் சுற்றி, கம்பளி நூலால் கட்டிய பொட்டலத்தோடு வந்தான். லொரெட் கோடையிலேயே இரண்டு கட்டி வைத்துவிடுவாள், ஒன்று மாற்றுக்கு, ஒன்று இவனுக்கு. அலமாரியில் முன்னால் இருந்ததை எடுத்து வந்ததாகச் சொன்னான்.

எல்லோரும் சீட்டு எடுத்தபின் டப்பாவில் மிஞ்சுவதைத்தான் ஜெராலின் எடுப்பாள். அன்று மிஞ்சியது ஒன்றாம் எண். பிரித்ததில் ஒரு மெழுகுவர்த்தி வந்தது. ரெனோவின் முறையும் சீக்கிரமே வந்து போயிற்று; இனி அவனாகப் போய் எதையும் பிடுங்க முடியாது.

பழுப்புப் பொட்டலத்தைப் பிரித்தவன் மெக்கானிக் டுவெய்ன். சாம்பல் நிறக் கையுறைகள், சிவப்பு மணிக்கட்டு. உடனே மாட்டிப் பார்த்தான். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே போகவில்லை.

"என்ன பெரிசு, உங்க வீட்டம்மா கணக்க விட்டுட்டாங்களா? ரெண்டு விரல் பாதியில நிக்குது."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. வாலிப வயதில் கிழங்கு அறுவடை எந்திரத்தில் ரெனோவின் இடது கை சிக்கி, அந்த இரண்டு விரல்களும் பாதியோடு போயிருந்தன. லொரெட் அவனுக்கென்று கட்டிய பொட்டலம் அது.

டுவெய்ன் கையுறைகளைக் கழற்றி நீட்டினான். ரெனோ தன் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"மேசமேல வச்சா வச்சதுதான். க்ளோடெட்டுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

"என்ன ஏம்ப்பா இழுக்குற?" என்றாள் க்ளோடெட், அடுப்பில் கோழிக் குழம்பைக் கிளறியபடி. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. கையுறைகளை யாரும் தொடவில்லை. கடைசியில் எல்லாரும் ஒன்றாம் எண் வைத்திருந்த ஜெராலினைப் பார்த்தார்கள். கையுறைகளை எடுத்து ரெனோவின் மடியில் போட அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அப்படிப் போட்டால், அந்தக் கத்தி போன நாளில் தான் செய்தது நியாயம் என்று க்ளோடெட்டிடம் எந்த முகத்தோடு சொல்வாள்? போடாவிட்டால், லொரெட் கடைசியாகப் பின்னியது விரல் முழுசாக உள்ள ஒருவன் வீட்டில் கிடக்கும்.

அவள் எழுந்து போய் மெழுகுவர்த்தியை டுவெய்னிடம் கொடுத்தாள். கையுறைகளை எடுத்தாள். தன் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள்.

"அடிப்பாவி" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். ரெனோ தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான்.

விடுமுறை முடிந்த முதல் காலை, ரெனோவின் பேருந்துச் சாவி தொங்கும் ஆணியில் கையுறைகளும் தொங்கின. அவன் யாரையும் கேட்காமல் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். விதியைப் போட்டவளே விதியை மீறிவிட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. க்ளோடெட்டின் கத்தியை நினைத்தவர்களுக்கு அதை நல்ல காரியம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் க்ளோடெட் ஜெராலினின் ஜன்னலுக்கு வந்தாள். கையில் காப்பி டப்பா. உள்ளே எண் சீட்டுகள்.

"ஜெரி, இது எப்படி என் வண்டியில வந்துச்சு?"

"நாந்தான் வச்சேன். இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்."

"எதுக்கு? உன்னவிட நல்லா யாரு நடத்துவா?"

ஜெராலின் ரேடியோவை அழுத்தி, க்ளோடெட் ஓட்டும் ஆற்றோரப் பாதையில் பனி உருக உப்பு தூவியாயிற்றா என்று சாலைக்காரர்களிடம் கேட்டாள்.